குசினி மேசை

மேசை, கதிரை, வாங்கு, அலமாரி, குசினி என்னும் ஐந்து சொற்களும் இலங்கைத் தமிழர் இல்லங்களில் நாள்தோறும் வழங்குவன. இவை ஐந்தும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்து நம் நாவிற் படிந்தவை. 1505 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இத்தீவின் கரையை அடைந்தனர்; அவர்களோடு அவர்தம் தளபாடங்களும், அவற்றின் பெயர்களும் வந்தன. அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் மற்றொரு சொல்லை விட்டுச் சென்றனர். மேசையில் இழுத்து மூடும் பெட்டியை நாம் லாச்சி என்கிறோமே, அது ஒல்லாந்தச் சொல். ஆகவே, லாச்சி வைத்த குசினி மேசை ஒன்றைச் செய்து தருமாறு ஒருவர் தச்சரிடம் கேட்கும்போது, அந்தச் சிறு வேண்டுகோளிலே பல நூற்றாண்டு வரலாறு அடங்கி நிற்கிறது.

இதற்கு முன் நம்மவர் சமையற்கட்டில் மேசைக்கு வேலை இருந்ததில்லை. அம்மி தரையில் இருந்தது. ஆட்டுக்கல்லும் உரலும் தரையில் இருந்தன. திருவலையின் பலகையில் அமர்ந்தே தேங்காய் துருவப்பட்டது. அடுப்பும் தரையோடு ஒட்டியே இருந்தது. உண்பவரும் பாயிலோ பலகையிலோ அமர்ந்து உண்டனர். வேலை முழுவதும் நிலமட்டத்தில் நடந்த வீட்டில், இரண்டரை அடி உயரத்தில் ஒரு பலகை எதற்கு? அடுப்பு மேடைக்கு ஏறிய பின்னரே அரிதலும் பிசைதலும் அதனோடு மேலே ஏறின. நின்று சமைக்கும் வழக்கமும் மேசையும் நம் இல்லங்களுக்கு ஒன்றாகவே வந்தன எனலாம்.

மலைநாட்டுக்கு இவ்வழக்கம் வந்த பாதை இருப்புப்பாதையாகும். 1867 ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது. 1874 ஆம் ஆண்டில் அப்பாதையின் கிளை நாவலப்பிட்டியை எட்டியது. பாதை அதற்கு மேலும் மலையேறிச் செல்வதற்குச் சில ஆண்டுகள் ஆயின. அதுவரையில் மேற்றிசைத் தோட்டங்களுக்குரிய பண்டங்கள் பலவும் நாவலப்பிட்டியிலேயே இறங்கின. மகாவலி கங்கைக் கரையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 அடி உயரத்தில் அமைந்த அவ்வூர், இவ்வாறு தோட்டத்துரைமாரின் பங்களாக்களுக்கு வாயிலாயிற்று. அப்பங்களாக்களின் சமையலறைகளில் ஆங்கில முறைப்படி அமைந்த கனத்த மேசைகள் இடம்பெற்றன. நான்கு சதுரக் கால்கள், தடித்த மேற்பலகை, ஓர் ஓரத்தில் லாச்சி, மெருகு ஏதும் பூசாமல் நாள்தோறும் தேய்த்துக் கழுவப்பட்ட மேற்பரப்பு ஆகியவையே அவற்றின் இலக்கணம்.

அம்மேசைகளைத் தேய்த்துக் கழுவியவர்கள் யாவர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான லயன் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த காலம் அது. அங்கே மேசை போட இடம் ஏது? பங்களாக் குசினியிலே பிறருக்காக மேசையில் மாப்பிசைந்த கைகள், தம் பிள்ளைகளுக்கு நிலத்திலிருந்தே உணவு பரிமாறின. இன்று தனி வீடு கட்டிக் குடியேறும் மலையகக் குடும்பம் ஒன்று, தன் சமையலறைக்குப் பழைய பாணியில் ஒரு மேசை வேண்டும் என்று விரும்புமாயின், அது வெறும் அலங்கார ஆசை அன்று. தலைமுறைகளாகத் தொட்டும் துடைத்தும் வந்த பொருளைத் தனக்கென உரிமையாக்கிக் கொள்ளும் விருப்பமும் அதில் உண்டு. ஆதலால், சேமித்த பணம் வீண்போகாமல் அம்மேசை அமைய வேண்டுவது அவசியம்.

அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உண்மையான பழைய மேசையைத் தேடி வாங்குவது. மற்றொன்று, பழைய முறையில் புதிதாகச் செய்விப்பது.

பழையதைத் தேடுபவர் முதலில் மேசையின் மேற்புறத்தைப் பாராமல் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். மேற்புறத்தை எவரும் மினுக்கிவிடலாம். அடிப்புறம் பொய் சொல்வது அரிது. கையால் சீவிய பலகையில் சீவுளியின் மெல்லிய அலைவரிகள் விரலுக்குத் தட்டுப்படும். கைவாளால் அறுத்த அடையாளங்கள் நேர்கோடுகளாக இருக்கும். வட்டவாளால் அறுத்தவை வில்போல் வளைந்திருக்கும். லாச்சியை வெளியே இழுத்து அதன் மூலைகளை நோக்கினால், கையால் வெட்டிய பற்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். இயந்திரம் வெட்டியவை அச்சிட்டாற்போல் ஒத்திருக்கும். திருகாணிகளும் சான்று கூறும். கூர்முனை கொண்ட திருகாணிகள் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பரவின. அதற்கு முந்தியவை மொட்டை முனையுடையவை.

பூச்சித் துளைகளைக் காட்டிப் பழமை பேசுவாரும் உளர். புழு மரத்தினுள் வளைந்து வளைந்து செல்லும். துளைகருவி நேராகவே செல்லும். மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்திப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். துளை உண்மையானதாயினும் மகிழ்வதற்கில்லை. துளையின் கீழே புதிய மரத்தூள் உதிர்ந்திருந்தால் பூச்சி இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது என்பதே பொருள். அத்தகைய மேசையை வீட்டினுட் கொண்டுவருவது, வீட்டிலுள்ள ஏனைய மரங்களுக்கும் நோயை அழைத்து வருவதாகும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதன. பழைய மேசைகள் பலவற்றின்மேல் பல அடுக்கு வர்ணம் பூசப்பட்டிருக்கும். முற்காலத்து வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. அதனைக் காய்ந்த நிலையில் மணற்றாளால் தேய்த்தால் எழும் தூசு நஞ்சாகும். சிறப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் பெருங்கேடு விளைக்கும். வீட்டுக்குள்ளே அவ்வேலையைச் செய்யலாகாது. மற்றொன்று, நாவலப்பிட்டி போன்ற புகைவண்டி நகரங்களில் எவருக்கும் தோன்றக்கூடிய எண்ணம் பற்றியது. தண்டவாளத்தின் கீழே கிடந்த பழைய சிலிப்பர்க் கட்டைகள் உறுதியானவை, மலிவானவை, பார்வைக்கும் பழமையானவை. அவற்றை அறுத்து மேசை செய்தால் என்ன என்று கேட்பார்கள். சிலிப்பர்க் கட்டைகள் உக்காதிருக்கும் பொருட்டுக் கிரியோசோட்டு என்னும் தார் எண்ணெய் ஊட்டப்படுவதுண்டு. அவ்வாறு ஊட்டப்படாதவற்றிலும் இயந்திர எண்ணெயும் அழுக்கும் ஆண்டாண்டாக ஊறியிருக்கும். அம்மரம் தோட்டத்து வேலிக்கு ஆகலாம். உணவு வைக்கும் பலகைக்கு ஆகாது.

நல்ல பழைய மேசை கிடைப்பது அரிது என்பதனாற் பலர் புதிதாகச் செய்விக்கவே முற்படுவர். அவர்கள் தச்சரிடம் செல்வதற்கு முன்னரே அளவுகளைத் தீர்மானித்தல் நன்று. உட்கார்ந்து உண்பதற்குரிய மேசை 30 அங்குல உயரம் இருக்க வேண்டும். நின்று மரக்கறி அரிவதற்கும் மாப்பிசைவதற்கும் உரியது 34 முதல் 36 அங்குலம் வரை உயர்ந்திருத்தல் வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே மேசை என்றால் ஏதேனும் ஒன்று சிறிது இடர்ப்படும். எது வீட்டில் அதிகம் நடப்பதோ அதற்கே முதலிடம் கொடுக்க வேண்டும். உண்பவர் ஒருவருக்கு 24 அங்குல அகலம் தேவை. ஆகவே, 6 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்ட மேசையில் அறுவர் இடைஞ்சலின்றி அமரலாம். மேசைக்கும் சுவருக்கும் இடையே 3 அடி வெளி இல்லாவிடில் கதிரையைப் பின்தள்ளி எழுவது கடினம். சிறிய குசினிக்கு 4 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் போதும். முழந்தாள் இடியாதிருக்க, கீழ்ச்சட்டத்துக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 24 அங்குலம் விடுதல் வேண்டும். லாச்சி வைக்க விரும்புவோர் இதனை மறத்தலாகாது.

அடுத்தது மரத்தின் தெரிவு. இலங்கையிற் புகழ்பெற்ற முதிரையும் கருங்காலியும் மிகக் கனத்தவை, விலையும் மிகுந்தவை. ஒல்லாந்தர் காலத்துச் செல்வர் இல்லங்களை அவை அணிசெய்தன. குசினிக்கு அவை வேண்டுவதில்லை. தேக்கு ஈரத்தை நன்கு தாங்கும். மகோகனி அழகுடையது, சிறிது மென்மையானது. தேயிலைச் செடிகளுக்கு நிழல் தரும் பொருட்டு நாட்டப்பெறும் கிறவிலியா மரம் மலையகத்தில் எளிதிற் கிடைப்பது; நிறமும் வரியும் இனியவை; ஆனால் உறுதியிற் குறைந்தது. இறப்பர் மரம் வெளிறிய நிறமும் நல்ல கனமும் உடையது. எனினும், அதனிலுள்ள மாப்பொருளை நாடித் துளைவண்டுகள் வரும் ஆதலின், அறுத்தவுடன் போரன் உப்புக்களால் முறைப்படி பதப்படுத்தப்பட்டிருத்தல் வேண்டும்.

இவை யாவற்றையும் ஒப்பிட்டு நோக்குமிடத்து, கண்டிப் பிரதேசத்தின் குசினி மேசைக்கு மிகப் பொருத்தமானது பலாமரமே என்பது விளங்கும். பலாவின் வைரம் கறையானை எதிர்ப்பது, அளவான கனமுடையது, உளிக்கு இணங்குவது. அறுத்த அன்று மஞ்சளாக இருக்கும் அது, ஆண்டுகள் செல்லச் செல்லத் தேன்நிறமாகிப் பின்னர் செங்கபிலமாக முதிரும். அம்மஞ்சள் நிறமே முற்காலத்தில் பௌத்த பிக்குமாரின் காவியாடைக்குச் சாயம் ஊட்டியது. பழமைத் தோற்றத்துக்காகப் பலாமேசைக்குச் செயற்கைச் சாயம் பூசவேண்டியதில்லை. காலமே அதனைப் பூசிவிடும்.

பலா உணவு தரும் மரமுமாகும். பஞ்ச காலத்திற் பல உயிர்களைக் காத்த மரம் என்பதனால் சட்டமும் அதனைக் காக்கிறது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுதல் குற்றமாகும். தம் வளவில் நிற்கும் பலாவையே வெட்ட விரும்புவோரும் கிராம உத்தியோகத்தர் வாயிலாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தல் வேண்டும். மரக்காலையில் வாங்குவோர், அம்மரம் முறைப்படி பெறப்பட்டது என்பதற்குரிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். காய்ந்து பட்டுப்போன மரமோ, இடிக்கப்பட்ட பழைய வீட்டின் வளைகளோ கிடைக்குமாயின் மிக நன்று. காய்க்கும் மரம் ஒன்று தப்பும், ஈரம் உலர்ந்த பலகையும் கிட்டும்.

ஈரம் என்னும் சொல்லிலேதான் இத்தொழிலின் உயிர்நிலை இருக்கிறது. புதிதாக அறுத்த பலகை நீரால் நிறைந்தது. அது உலரும்போது அகலத்திற் சுருங்கும். நீளத்திற் சுருங்குவது மிகச் சிறிதே. அகலத்திலும், ஆண்டு வளையங்களின் போக்கிற் சுருங்குவது மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட ஏறத்தாழ இருமடங்காகும். இவ்வேறுபாட்டினாலேயே பலகை கூனுகிறது, வெடிக்கிறது. ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகை நிழலிற் காய்வதற்கு ஏறக்குறைய ஓராண்டு செல்லும் என்பது தச்சர்களின் பொதுக்கணக்கு. நாவலப்பிட்டியோ மழைமிகுந்த ஈரவலயத்து ஊர். அங்கே இன்னும் பொறுமை வேண்டும். பலகைகளை மழைபடாத கூரையின்கீழ், இடையிடையே சிறு சட்டங்கள் வைத்து, காற்று ஊடுருவுமாறு அடுக்குதலே முறை.

பலகை காய்ந்ததா என்பதை இல்லத்தரசி ஒருவரும் சோதித்தறியலாம். பலகையின் நடுப்பகுதியிலிருந்து சிறு துண்டொன்றை வெட்டுவித்து, தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அதனை அடுப்பருகே வைத்து, நிறை மேலும் குறையாத நிலை வரும்வரை நாள்தோறும் நிறுக்க வேண்டும். 230 கிராம் இருந்த துண்டு 200 கிராமில் நின்றுவிட்டதாயின், குறைந்தது 30 கிராம்; அது உலர்ந்த நிறையில் 15 சதவீதம். இவ்வீரவலயத்தில் அந்த அளவு தகும். 25, 30 சதவீதம் என்று வருமாயின், அப்பலகையை இன்னும் பல திங்கள் காயவிடுதல் வேண்டும். அவசரப்பட்டுச் செய்த மேசையின் பலகைகளுக்கிடையே, தைப்பொங்கலுக்கு வாங்கியிருந்தால் ஆடிக்குள் காசு விழும் இடைவெளி தோன்றிவிடும்.

நன்கு காய்ந்த மரமும் மழைக்காலத்தில் சிறிது விரியும், வறட்சியிற் சுருங்கும். அதனைத் தடுக்க முடியாது. அதற்கு இடங்கொடுக்கவே முடியும். பழைய தச்சர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் மேற்பலகையைச் சட்டத்தோடு ஆணியால் அறையவில்லை. சட்டத்தின் உட்புறத்தில் சிறு பள்ளம் வெட்டி, அதனுள் நாக்குப்போல் நுழையும் மரக்கட்டைகளைப் பலகையின் அடியில் பொருத்தினர். பலகை விரியும்போது அக்கட்டை பள்ளத்தினுள் நகரும், பலகை வெடிக்காது. கால்களையும் சட்டங்களையும் இணைக்கச் சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, காலில் வெட்டிய துளையினுள் இறுக்கி, குறுக்கே மரஆணி அறைந்தனர். இரும்பாணி ஈரம்பட்டால் துருப்பிடிக்கும்; துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் அதனைச் சுற்றிக் கருங்கறையும் படரும். மரஆணிக்கு இவ்விரு குறைகளும் இல்லை.

இக்கலையின் உயர்வைக் காண விழைவோர் நாவலப்பிட்டியிலிருந்து நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கம்பளைக்கும் பேராதனைக்கும் அண்மையில், உடுநுவரையில் எம்பக்கை தேவாலயம் இருக்கிறது. கம்பளை இராசதானிக் காலமாகிய 14 ஆம் நூற்றாண்டிலே கதிர்காமத் தெய்வத்துக்கு எழுப்பப்பெற்ற அக்கோயிலின் மண்டபத் தூண்களில் செதுக்கப்பட்ட அன்னமும், மல்லரும், நடனமாதரும் உலகறிந்தவை. ஆயினும், தச்சுத்தொழில் அறிந்தோர் அங்கே முதலில் அண்ணாந்து நோக்குவது கூரையையே. 26 கைமரங்கள் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அவை அனைத்தையும் ஒரே ஒரு பெரிய மரஆணி பிணைத்து நிற்கிறது. மதோல் குருப்பாவ என்று சிங்களத்தில் வழங்கும் அவ்வாணி, பசையையும் இரும்பையும் நம்பாத ஒரு தொழில்மரபின் சாட்சியாகும். கூரையைத் தாங்கும் அதே முறைதான் குசினி மேசையின் காலையும் தாங்குகிறது.

இனி, செலவு. தச்சர் கேட்கும் மர அளவு சரியானதா என்பதை எவரும் கணித்துப் பார்க்கலாம். 6 அடிக்கு 3 அடி மேசையின் மேற்பலகை ஒன்றேகால் அங்குலத் தடிப்பாயின், அதற்கு ஏறத்தாழ 1.9 கனஅடி மரம் வேண்டும். மூன்று அங்குலச் சதுரமான நான்கு கால்களுக்கு 0.6 கனஅடி. ஐந்து அங்குல அகலமுள்ள சட்டங்கள் நான்குக்கு அரைக் கனஅடி. ஆக மொத்தம் 3 கனஅடி. சீவலுக்கும் கழிவுக்கும் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 4 கனஅடியாகும். லாச்சி வைப்பின் இன்னும் சிறிது சேரும். ஆறு, ஏழு கனஅடி என்று எவரேனும் கூறுவாராயின், காரணம் கேட்பது முறையே. அதேவேளையில், கழுந்து வெட்டி மரஆணி அறைந்து செய்யும் வேலை, ஆணியடித்து ஒட்டும் வேலையைவிடப் பன்மடங்கு நேரம் கொள்வது என்பதையும் உணர்ந்து, மரத்திற் பேரம் பேசினாலும் கைக்கூலியிற் பேரம் பேசாதிருத்தல் அறமாகும்.

ஒப்பந்தத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்வது இருவருக்கும் நன்மை தரும். மரத்தின் பெயர், வைரம் மட்டுமா வெளிறும் உண்டா என்பது, நீள அகல உயரம், பலகையின் தடிப்பு, மூட்டுக்களின் வகை, மெருகின் வகை, முடிக்கும் நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பணத்தை ஒரே தடவையிற் கொடாமல், மரம் வாங்க ஒரு பங்கு, சட்டம் கூட்டிய பின் ஒரு பங்கு, மேசை வீடு வந்த பின் ஒரு பங்கு எனக் கொடுத்தல் நன்று. மெருகு பூசுவதற்கு முன் ஒருமுறை பட்டறைக்குச் சென்று பார்த்தல் மிக அவசியம். மெருகு பல குறைகளை மறைக்க வல்லது.

மெருகிலும் குசினிக்கு உரியதையே தெரிதல் வேண்டும். அரக்கு மெருகு கண்ணாடிபோல் ஒளிவிடும். ஆனால் சூடான சட்டியை வைத்தால் வெண்வட்டம் விழும். அது விறாந்தை மேசைக்கே தகும். தேங்காயெண்ணெய் எளிதிற் கிடைப்பினும் மரத்தில் உலர்வதில்லை. நாட்பட்டால் பிசுபிசுத்துக் காறலடிக்கும். உலரும் தன்மையுடைய ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பலமுறை பூசி, இறுதியில் தேன்மெழுகு தேய்ப்பதே பழைய முறை. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி எறிதல் கூடாது. அத்துணி உலரும்போது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிட்ட பின்னரே அகற்றல் வேண்டும். நாளடைவில் மேசையிற் படியும் மஞ்சட் கறைக்கு அஞ்ச வேண்டியதில்லை. மஞ்சளின் நிறம் வெயில் ஒளியில் மங்குவது. யன்னலோரத்தில் இட்ட மேசை தன்னைத்தானே ஓரளவு தூய்மை செய்துகொள்ளும்.

பழைய பாணி என்பது வளைந்த கால்களிலும் கறுத்த சாயத்திலும் இருப்பதன்று. மரத்தைக் காயவிட்ட பொறுமையிலும், அது அசைவதற்கு இடங்கொடுத்த அறிவிலும், காணாத மூட்டையும் செம்மையாகப் பொருத்திய நேர்மையிலுமே அது இருக்கிறது. இவை மூன்றும் அமைந்த பலாமேசை, செய்தவரும் செய்வித்தவரும் மறைந்த பின்னரும் நின்று பயன் தரும். அதன்மேல் இன்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை, ஒருநாள் தன் பேரப்பிள்ளைக்கு அதே மேசையில் சோறு பரிமாறுதலும் கூடும்.